பாஸ் பண்ண ஒரு தவளை

போன மாதம் என் பேத்தி பட்டம் வாங்கினாள். வயது ஐந்து. யூ.கே.ஜி. முடித்ததற்குக் கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, அதில் ஒரு குஞ்சம், கையில் ரிப்பன் கட்டிய காகிதச் சுருள். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. தொப்பி கண்ணை மறைத்ததால் மேடையில் அவள் எதிர்ப்பக்கம் நடக்க, ஒரு டீச்சர் ஓடிவந்து திருப்பிவிட்டார். என் பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு பாட்டி, நம் வயதுதான், நம்மைப் போலவே முட்டிவலிக்காரர், என் காதருகே குனிந்து, “நாம பன்னெண்டு வருசம் படிச்சி முடிச்சதுக்கு ஒரு மிட்டாய்கூடக் குடுக்கலீங்களே” என்றார்.

உண்மைதானே? நாமெல்லாம் பள்ளியை முடித்தபோது யாரும் எதுவும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. கேட்டதுதான் நினைவிருக்கிறது. ரெக்கார்டு நோட்டு கேட்டார்கள், அதில் டீச்சர் கையெழுத்து கேட்டார்கள், வருகைப்பதிவு கேட்டார்கள். என்னிடம் தவளை கேட்டார்கள். உங்களில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர் எங்களுடையது. பருத்தி, சோளம், சின்ன வெங்காயம், எல்லாமே மழையை நம்பித்தான். வாய்க்கால் என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். நான் பிளஸ் டூ படித்த வருடம், தொடர்ந்து இரண்டாவது முறையாக ஐப்பசி மழை பொய்த்திருந்தது. கொல்லைக் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர். பருத்திச் செடி இடுப்பு உயரம்கூட வளரவில்லை. மாசியில் ஒரு மழை பெய்தாலும் செடி மறுபடி துளிர்த்து இன்னொரு எடுப்புக்குக் காய் வைக்கும் என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. அதற்கு முந்தைய வருடம் அரியலூர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அங்கே வெள்ளைப் புடவையில் ஒரு நர்சம்மா இருந்தார். அவர் வார்டுக்குள் வந்தால் முனகல்கள் குறையும். என் அப்பாவையே, “வெளிய போய் நில்லுங்க” என்றார். அப்பாவும் மறுபேச்சில்லாமல் போய் நின்றார். அப்பாவை ஒருவர் வெளியே நிற்கச் சொல்லி நான் கண்டது அன்றுதான். நானும் நர்சாக வேண்டும் என்று அந்த வார்டிலேயே முடிவுசெய்துவிட்டேன். அதற்கு அறிவியல் பிரிவில் பிளஸ் டூ தேற வேண்டும். செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் பிரயோசனமில்லை.

எங்கள் விலங்கியல் டீச்சர் கும்பகோணம் பக்கத்துக்காரர். வேலைக்குப் புதிது. செய்முறைத் தேர்வுக்குத் தவளை கொண்டுவந்து கொடுக்கும் ஆள் அந்த வருடம் கையை விரித்துவிட்டான். டீச்சர் அசரவே இல்லை. “ஆளுக்கு ரெண்டு தவளை பிடிச்சிட்டு வந்துடுங்க. ஒண்ணு அறுத்துப் பழக, ஒண்ணு பரீட்சைக்கு” என்றார், கடையில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்வது மாதிரி. தவளை இல்லாத ஊர் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தவளைச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவர் அவர்.

நானும் அசரவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறதே. தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மணல்மேட்டில், ஈரம் கசியும் இடத்தில், வெயில் காலம் முழுக்க இரண்டு மூன்று உட்கார்ந்திருக்கும். மண் நிறம், சொரசொரத் தோல், தூக்கக் கண். அம்மாவுக்கு அவற்றைக் கண்டால் ஆகாது. தேரை மோந்தால் தேங்காயில் பருப்பிருக்காது, தேரை பாய்ந்த பிள்ளை தேறாது என்று விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே இருப்பார். நான் இரண்டைப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் துளைபோட்டு, பெருமையாகக் கொண்டுபோனேன்.

டீச்சர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். “இது தேரைம்மா” என்றார்.

“தெரியும் டீச்சர். வெயில் காலத்துல தவள இப்படித்தான் ஆயிடும்” என்றேன்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். மழை பெய்தால் எங்கிருந்தோ தவளை வரும். பச்சையாக, பளபளவென்று, தொண்டை கிழியக் கத்தும். மழை போனதும் அது வற்றி, கறுத்து, வாயடங்கித் தேரையாகிப் பானையடியில் உட்கார்ந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நாங்களே வருடா வருடம் அப்படித்தானே வற்றிக்கொண்டிருந்தோம், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இரண்டும் வேறு வேறு உயிர்கள் என்று டீச்சர் பலகையில் படம் போட்டு விளக்கினார். வெளியூர்த் தேர்வாளர் வருவார், தேரையை ஒப்புக்கொள்ள மாட்டார், பாடத்தில் இருப்பது தவளை என்று முடித்தார். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை தேர்வு.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் கொள்ளிடக்கரைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிச் சமாளித்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மாவிடம் சொன்னேன் என்பது பேருக்குத்தான். எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை அவர் காதில் விழுமாறு அம்மாவிடம் சொல்வதுதான் வழக்கம். அப்பா பருத்தியிலிருந்து சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரில் அவருக்கு ராசியான கை என்று பெயர். சித்திரையில் ஊர் கூடி நல்லேர் பூட்டும்போது முதல் ஏரைப் பிடிப்பது அவர்தான். வருடத்தின் முதல் உழவுச்சால் அவர் ஓட்டினால்தான் மழை கேட்கும் என்று நம்பினார்கள். அவரும் நம்பினார். அதற்கு முந்தைய நாள் விரதம் இருப்பார், யாரோடும் பேசமாட்டார். மற்ற நாட்களில் மட்டும் ரொம்பப் பேசுவார் என்று நினைத்துவிடாதீர்கள்.

புதன்கிழமை காலையில் எழுந்தபோது அவர் இல்லை. முதல் பஸ்ஸுக்கே கீழப்பழுவூர் கிளம்பிவிட்டதாக அம்மா சொன்னார். என் மாமா, அம்மாவின் தம்பி, அங்கேதான் இருந்தார். அங்கே ஏரியும் உண்டு, வாய்க்காலும் உண்டு. வியாழக்கிழமை மத்தியானம் அப்பா திரும்பி வந்தார். தலையில் ஒரு பானை, அதன் வாயில் ஈரத்துண்டு கட்டியிருந்தது. வேட்டி முழங்கால் வரை சேறு, நெற்றியில் ஒரு சிராய்ப்பு. வாய்க்காலில் மனுஷன் மூன்று தடவை வழுக்கி விழுந்ததை மாமா பல வருடம் சொல்லிச் சிரித்தார். ஓடும் தண்ணீரில் நின்றே பழக்கமில்லாதவர் பின் என்ன செய்வார்? பஸ்ஸில் கண்டக்டர் பானையில் என்ன என்று கேட்க, இவர் தவளை என்று சொல்ல, கிண்டல் செய்கிறார் என்று நினைத்த கண்டக்டர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, அரியலூர் வரை அந்தப் பக்கமே வரவில்லையாம்.

பானைக்குள் ஐந்து இருந்தன. மாட்டுத் தண்ணித் தொட்டியில் இரண்டு குடம் ஊற்றி அவற்றை விட்டார். அந்த வருடத்தில் இரண்டு குடம் என்பது என்னவென்று உங்களில் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பச்சையும் மஞ்சளுமாக அவை தொட்டியின் ஓரத்தில் மிதப்பதை நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றை அன்று சாயங்காலமே அறுத்துப் பழக வேண்டும். மனசு வரவில்லை. பிறகு செய்யலாம், பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பால் கறக்கிற நேரம். முதலில் ஒன்று கத்தியது. அடுத்து இன்னொன்று. பிறகு ஐந்தும் சேர்ந்துகொண்டன.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மேல் சிலிர்க்கும். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. உலக்கை நின்றது, வானொலியை யாரோ அணைத்தார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் எதிர்வீட்டு அக்கா முற்றத்தில் காய்ந்த பருத்தியை வாரி முந்தானையில் கட்ட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. வெங்காயத்தைக் குவித்து வைத்திருந்த பட்டறையின் மேல் கீற்றை இழுத்துவிட்டார்கள். ஒரு தாத்தா கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம். வானம் சொல்வதைக் காட்டிலும் காது சொன்னதை நம்பி ஒரு ஊரே மழைக்குத் தயாரானது. கோயிலில்கூட அத்தனை பேர் அத்தனை அமைதியாக நின்று நான் கண்டதில்லை.

சத்தம் எங்கள் கொல்லையிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் அங்கே வந்துவிட்டார்கள். முன்னால் பெரியப்பா. அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன், கோயில் தர்மகர்த்தா. தொட்டியைப் பார்த்தார். எதற்கு இவை என்று விசாரித்தார். சொன்னோம். அவர் முகம் மாறிப்போனது. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது.

“தம்பி, ரெண்டு வருசமா கேக்காத சத்தம். ஊரே வெளிய வந்து நிக்குது பாரு. இதுங்கள அறுத்தா வர்ற மழையும் வராமப் போயிடும். படிப்பு அடுத்த வருசம் படிச்சிக்கலாம்.”

கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வருடம் என்று ஒன்று எனக்குக் கிடையாது என்பது அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வீட்டில் நின்றுவிட்ட பெண்ணை மறுபடி பள்ளிக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். ராசியான கைக்காரர். மழைக்காக விரதம் இருக்கிறவர். அந்தக் கூட்டத்தில் மழை மற்ற எல்லோரையும்விட அவருக்கு வேண்டும். எங்கள் பருத்திதான் ஊரிலேயே மோசமாகக் காய்ந்திருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அம்மா வழியாக இல்லாமல், நேராக என்னிடம் கேட்டார்.

“ஒண்ணுல முடிப்பியா?”

“முடிப்பேம்ப்பா.”

அவர் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். “அண்ணே, ஒண்ணு எம்மவளுக்கு. மத்தது ஊருக்கு.”

“மழ வராட்டி?”

“வராட்டி என்னயச் சொல்லுங்க. புள்ளயச் சொல்லாதீங்க.”

அவ்வளவுதான். நான்கு தவளைகளைப் பெரியப்பாவே கையில் ஏந்திக்கொண்டுபோய் எங்கள் கிணற்றில் இறக்கினார். மிச்சம் ஒன்று எனக்கு. அறுத்துப் பழக ஒன்றுமில்லை. பருத்திச் செடியில் திறக்காத பச்சைக் காய்களைப் பறித்து வந்து, உள்ளேயிருக்கும் ஈரப் பஞ்சில் கத்தி படாமல் மேல்தோலை மட்டும் கீறிக் கீறிப் பார்த்தேன். அம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இது எந்தப் பரீட்சையில வருது?” என்று கேட்டார்.

காலையில் அப்பா, பானையில் வந்த வாய்க்கால் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய தூக்குவாளியில் தவளையை வைத்துக்கொண்டு என்னோடு பள்ளி வரை வந்தார். வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே குளோரோபார்ம் வாடை. மெழுகு ஊற்றிய தகரத் தட்டு, குண்டூசிகள், டீச்சர் இரவல் கொடுத்த கத்தரிக்கோல். மெழுகுத் தட்டை இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் பார்த்திருக்கவே முடியாது. தவளையைக் கம்ப்யூட்டர் திரையில் அறுக்கிறார்கள், நல்லதுதான். அடிவயிற்றின் நடுவே ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதில் கத்தி பட்டால் தட்டு முழுக்க ரத்தமாகிவிடும், எதுவும் தெரியாது, மதிப்பெண்ணும் இருக்காது. எனக்கு இரண்டாவது தவளை கிடையாது. ஊரே அறுக்க வேண்டாமென்று நின்ற ஒன்று என் கையில் கிடந்தது. பச்சைப் பருத்திக்காய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தோலைக் கீறினேன். குழாயை ஒதுக்கினேன். நெஞ்செலும்பை வெட்டி விலக்கினேன்.

அப்போதுதான் பார்த்தேன். இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் இதயம் ஒரு படம். மூன்று அறைகள், மூன்று அம்புக்குறிகள். இங்கே சுண்டுவிரல் நுனி அளவில், சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்து, யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மேலே ஒரு பக்கம் சுருங்கியதும் கீழே சுருங்கியது, ஒரு தடவைகூடத் தப்பாமல். ஊரின் மழை, என் படிப்பு, அப்பாவின் வாக்கு எதுவும் அதற்குத் தெரியாது. எனக்குக் கை ஓடவில்லை. பிற்காலத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்தேன், எத்தனையோ நெஞ்சில் காது வைத்தேன். அந்த முதல் பிரமிப்பு என்னை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் அந்த வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்க மாட்டேன்.

வெளியூர்த் தேர்வாளர் வந்து பின்னால் நின்றார். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டார். “துடிக்குதுங்க சார்” என்றேன். கடிந்துகொள்வார் என்று பயந்தேன். அவரும் குனிந்து பார்த்தார். சற்று நேரம் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனை அறை என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். மனப்பாடம் செய்த விடை எனக்குத் தேவைப்படவில்லை.

வெளியே வந்தபோது வேப்பமர நிழல் நகர்ந்து அப்பா வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேம்ப்பா.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

சொன்னேன். திறந்த பிறகும் அது நிற்கவில்லை என்று சொன்னேன். எவ்வளவு சின்னது என்று விரலைக் காட்டினேன். அப்பா என் விரல் நுனியையே பார்த்தார். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குழியைக் காட்டினேன். போய், தூக்குவாளியில் மிச்சமிருந்த கீழப்பழுவூர்த் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு வந்தார்.

மாசியில் மழை வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. கிணற்றிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான்கும் செத்திருக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். சித்திரையில் நல்லேர் பூட்டும் நாளன்று அப்பா வீட்டிலேயே இருந்தார். காலில் முள் ஏறிவிட்டது, அதனால் வேறொருவர் ஏர் பிடிக்கிறார் என்றார். குதிகாலில் ஒரு துணிகூடக் கட்டியிருந்தார். நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். என்ன ஒரு மக்கு பாருங்கள். வருங்கால நர்சு, முள்ளில்லாத காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். ஊர் அவரைக் கூப்பிடவில்லை என்பது என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொல்லித் தெரியும். வராட்டி என்னயச் சொல்லுங்க என்றாரே, சொல்லிவிட்டார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாக்கையும் ஊர் காப்பாற்றியது.

தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டேன். திருச்சியில் நர்சு பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

தீபாவளி லீவுக்கு வரும்போது வழியெல்லாம் மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவில் ஓடும் தண்ணீரில் நடந்து வந்தேன். வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். கிணறு பாதிக்குமேல் நிறைந்திருந்தது. தலையில் சாக்கை மழைக்குக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பெரியப்பா, கையில் குடையிருந்தும் விரிக்காமல். இருவரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணறு அதிர்ந்துகொண்டிருந்தது. நான்கு இல்லை, நாற்பது இருக்கும் போலக் கத்தின.

என்னைக் கண்டதும் பெரியப்பா ஒதுங்கி இடம் விட்டார். அப்பா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்தது எனக்கு அதிகம் நினைவில்லை, அது நினைவிருக்கிறது.

“கேட்டியா பாப்பா? ஒங்கூடப் படிச்சதுங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தி, பெரியப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி கேட்டார்.

“அத்தனைக்குள்ளயும் அப்படித்தான துடிச்சிக்கிட்டிருக்கும்?”

“ஆமாப்பா” என்றேன். அப்பா தலையிலிருந்த சாக்கை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டே மறுபடி கிணற்றுக்குள் பார்க்க ஆரம்பித்தார்.